வெள்ளை: ஒரு சரித்திரக் குறிப்பு

தமிழில் இதற்குப் புழக்கத்தில் இருப்பது ஒரே ஒரு சொல். வெள்ளைப்படுதல். அதுவும் ஒரு வியாதியின் பெயர். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் மூலம், பௌத்திரம், வெட்டை என்ற வரிசையில் அது நிற்கும். பக்கத்தில் லாட்ஜின் பெயர், அறை எண், வைத்தியர் வருகை தரும் தேதிகள். ஆரோக்கியமான ஒரு பெண்ணின் உடம்பில் மாதம் பூராவும் சுரக்கிற, நாளுக்கு நாள் மாறுகிற ஒரு திரவத்துக்கு நம் பாஷையில் ஆரோக்கியமான பெயர் கிடையாது. மாதவிலக்குக்கு எத்தனை பெயர்கள்: தீட்டு, தூரம், வீட்டுவிலக்கு, பூப்பு, தூமை. அருவருப்போ ஆசாரமோ இலக்கணமோ, ஏதோ ஒன்று அதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. சிவவாக்கியர் தூமையை எடுத்துக்கொண்டே ஆசாரக்காரர்களைக் கேலி செய்தார். சிவப்புக்கு இலக்கியம் இருக்கிறது. வெள்ளைக்கு நோட்டீஸ்தான்.

நம் பத்திரிகைகளில் உடல், உடலின் மொழி என்றெல்லாம் பேச ஆரம்பித்து வெகுநாளாகிறது. 2002ல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது எழுந்த கூச்சலையும் நாம் கேட்டோம். திட்டியவர்களுக்கும் சரி, ஆதரித்துப் பேசிய நம்மில் பலருக்கும் சரி, உடம்பு ஒரு படிமமாகத்தான் இருந்தது. படிமத்துக்கு மாதக் கணக்கு கிடையாது. நான் இங்கே எழுத நினைப்பது கணக்குள்ள உடம்பைப் பற்றி. அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், பார்த்ததற்கு யாருடைய பெயர் வைத்தார்கள் என்பது பற்றி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடலாம். மாதவிலக்கு நின்றதும் சில நாட்கள் பெரும்பாலான பெண்களுக்கு வறட்சி. கர்ப்பப்பையின் கழுத்தில் அப்போது கெட்டியான ஓர் அடைப்பு இருக்கிறது. விந்தணு புக முடியாதபடி நெருங்கிய வலை. சினைப்பையில் முட்டை முதிர முதிர ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜென் ஏறும். கசிவு தொடங்கும். முதலில் வெண்மையாக, பசைபோல, விரலில் தொட்டு இழுத்தால் உடனே அறுந்துபோகும். பிறகு பாலேடு மாதிரி இளகும். அப்புறம் சில நாட்கள் நிறமே போய், முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, இரண்டு விரல்களுக்கு நடுவே அறாத நூலாக நீளும். பார்க்காமலே ஈரத்தையும் வழுக்கலையும் உணர முடியும். இந்த நிலையில் அதில் 95 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர்தான். கண்ணாடியில் தடவி உலரவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உப்பு பெரணி இலைகளாகப் படிந்திருக்கும். முட்டை வெளியேறியபின் புரோஜெஸ்டிரோனின் ஆட்சி. ஓரிரு நாளில் நூல் அறுந்து, மறுபடி கெட்டி, மறுபடி வறட்சி, அடுத்த மாதவிலக்குவரை. முட்டையின் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை. அந்தத் தெளிந்த திரவத்தில் விந்தணு 5 நாள் வரை பிழைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸும் அவர் சகாக்களும் 221 பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1995ல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் 6 தான்: முட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்திய 5 நாட்கள். நாற்றம், அரிப்பு, எரிச்சல், தயிர்த்திப்பியாகவோ பச்சையாகவோ மாறுவது, இவையெல்லாம் வேறு கதை. அதற்கு டாக்டரிடம் போகவேண்டும்.

எல்லாப் பெண்ணுக்கும் ஒரே மாதிரி, ஒரே நாளில் என்று இதில் எதுவும் இல்லை. ஒருத்திக்கே மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் வரிசை மாறுவதில்லை.

இத்தனை வெளிப்படையான ஒன்றை, தினமும் துணியில் படுகிற ஒன்றை, மருத்துவம் ஒரு தகவலாக ஒப்புக்கொள்ள ஏன் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

பழையவர்கள் எண்ணியிருக்கிறார்கள். தொல்காப்பியக் கற்பியலில் ஒரு சூத்திரம், கணவன் பரத்தையிடம் பிரிந்துபோயிருந்தாலும் பூப்பையொட்டிய 12 நாள் மனைவியை விட்டு விலகியிருப்பது அறமல்ல என்கிறது. மனு 16 இரவுகள் சொல்லி முதல் நான்கைக் கழித்துவிடுகிறார். இன்னும் இரண்டு இரவுகளையும் விலக்குகிறார், மிச்சம் 10. முட்டை வெளியேறுவதும் அதற்கு முந்திய நாட்களும் பெரும்பாலும் இந்த 12க்குள் வந்துவிடும் என்பதால் கணக்கு மோசமில்லை. ஆனால் இது மகன் வேண்டும் என்பவனுக்குச் சொன்ன கணக்கு, கணவனைப் பார்த்துச் சொன்ன கணக்கு. சுஸ்ருத சம்ஹிதை ருதுமதியின் அடையாளங்களைச் சொல்லும்போது மலர்ந்த முகத்தைச் சொல்கிறது, உடம்பிலும் வாயிலும் ஈறிலும் காணும் ஈரத்தைக்கூடச் சொல்கிறது. ஈரம் என்ற சொல் வந்துவிட்டது, இடம்தான் தள்ளிப்போய்விட்டது.

ஐரோப்பாவில் கதை 1827ல் தொடங்குகிறது. அந்த வருஷம் கார்ல் ஏர்ன்ஸ்ட் ஃபான் பேர் ஒரு நாயின் சினைப்பையில் முட்டையைக் கண்டார். பாலூட்டிகளுக்கும் முட்டை உண்டு என்பது அதற்கு முன் ஊகம்தான். 20 வருஷம் கழித்து, 1847ல், ஃபிரான்சில் ரூவான் நகரத்து ஃபெலிக்ஸ் ஆர்க்கிமீட் பூஷே ஒரு பெரிய புத்தகம் போட்டார். கலவி இல்லாமலே, தானாகவே, காலக்கிரமப்படி முட்டை வெளிவருகிறது என்பது அவர் கட்சி. மாதச் சுழற்சியின் நாட்களையொட்டி யோனித் திரவத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து அது மாறுவதைக் குறித்தவர்களில் அவர் முன்னோடி. ஃபிரெஞ்சு அகாடமி இந்த வேலைக்காக அவருக்குப் பரிசு கொடுத்தது. நமக்குப் பூஷே வேறு விதத்தில் தெரிந்தவர்: உயிர் தானாக உற்பத்தியாகும் என்று பாஸ்டரோடு மல்லுக்கட்டித் தோற்றவர். தோற்றவனின் மற்ற வேலையை யாரும் படிப்பதில்லை. இலக்கியக்காரர்களுக்கு இன்னொரு தகவல்: பூஷே வைத்தியம் படித்தது ரூவான் மருத்துவமனையில் டாக்டர் ஃபிளாபேரிடம், அதாவது நாவலாசிரியரின் தகப்பனாரிடம். பூஷேயின் மகன் ஜார்ஜ் நாவலாசிரியரின் சிநேகிதர். எம்மா போவாரியை எழுதிக்கொண்டிருந்த மேசைக்கு வெகு அருகிலேயே இந்த மைக்ராஸ்கோப்பும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

பூஷேயின் முடிவு, மாதவிலக்கின்போதும் அதன்பின் 12 நாட்களுக்குள்ளும்தான் கருத்தரிக்கும் என்பது. தொல்காப்பியத்தின் எண்ணே இங்கேயும் வந்து நிற்பது ஆச்சரியம்தான். ஆனால் இரண்டையும் முடிச்சுப்போட்டு நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று மேடையேறுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள் இன்னொரு மகா பிழையில் இருந்தார்கள். நாய்க்குச் சூட்டுக்காலத்தில் ரத்தம் வருகிறது, பெண்ணுக்கும் ரத்தம் வருகிறது, ஆகவே இரண்டும் ஒன்று. எனவே முட்டை வெளிவருவது மாதவிலக்கையொட்டித்தான். இதன் விளைவு, 19ஆம் நூற்றாண்டு முழுவதும் குழந்தை வேண்டாமென்று கேட்ட தம்பதிகளுக்கு மாதத்தின் நடுப்பகுதியே பத்திரமானது என்று யோசனை சொன்னார்கள். அதாவது ஆபத்தான நாட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் திரவம் தெளிந்து நூலாக ஓடுவதை அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் அறிந்திருப்பாள். கேட்பதற்கு ஒருவரும் இல்லை. கேட்டிருந்தாலும், சொல்கிறவளுக்குச் சொல் வேண்டுமே.

சொல்லைக் கொடுத்தவர்கள் டாக்டர்கள். லூகோரியா. கிரேக்கத்தில் 'வெள்ளை ஒழுக்கு' என்று பொருள். நம் வெள்ளைப்படுதலும் அதுவும் அச்சு அசலாக ஒன்றே என்பதைக் கவனிக்கவேண்டும்: எது வெளியே வந்தாலும் நிறத்தை மட்டும் பார்த்து நோயென்று முத்திரை குத்துவது. 1855ல் லண்டனில் டபிள்யூ. டைலர் ஸ்மித் 'லூகோரியாவின் நோய்க்கூறும் சிகிச்சையும்' பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு நோயைப் பற்றியது. உள்ளே மனிதர் நல்ல கண்ணுள்ளவர். கர்ப்பப்பையின் கழுத்தை ஒரு சுரப்பியாகவே பார்க்கவேண்டும் என்றார். அங்கே ஊறுவது நன்றாக இளகி நிற்கும்போது கருத்தரிப்பது சுலபம் என்பதையும் உணர்ந்திருந்தார். ஒரு நோயைத் தேடிப்போனவர் வழியில் ஆரோக்கியத்தைக் கண்டார். புத்தகத்தின் பெயரை அதற்காக மாற்றவில்லை.

அடுத்தவர் ஜே. மேரியன் சிம்ஸ். 1866ல் வந்த அவருடைய அறுவைக் குறிப்புகளில், கருத்தரிக்க ஏற்ற சமயத்தில் அந்தத் திரவம் தெளிவாக, ஊடுருவிப் பார்க்கக்கூடியதாக, முட்டையின் வெள்ளைக்கரு பதத்தில் இருக்கும் என்பது வருகிறது. இன்றைக்கும் எல்லாக் கையேட்டிலும் இருக்கிற உவமை. கலவிக்குப்பின் அந்தத் திரவத்தை எடுத்து விந்தணு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் அவரே முன்னோடி; 1913ல் மேக்ஸ் ஹ்யூனர் அதை ஒழுங்குபடுத்தியபின் இருவர் பெயரும் சேர்ந்து அதற்கு நிலைத்தது. சிம்ஸுக்குப் பெண்ணுடம்பைப் பார்க்கும் வித்தை எங்கே கைவந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். 1845 முதல் 1849 வரை அலபாமாவின் மான்ட்கோமரியில், அடிமைப் பெண்களை வைத்துக்கொண்டு, மயக்கமருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துப் பழகினார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்கள் அவரே எழுதியதால் நமக்குத் தெரியும். அனார்க்காவுக்கு மட்டும் 30 அறுவைகள். யோனியைத் திறந்து பார்க்கும் அவருடைய கருவி அங்கேதான் பிறந்தது. முதலில் ஒரு கரண்டியை வளைத்துச் செய்தார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்றிருந்த அவர் சிலையை 2018 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். கருவி இருக்கிறது, உவமையும் இருக்கிறது. இந்தச் சரித்திரத்தில் முதலில் 'பார்க்கப்பட்டவள்' ஓர் அடிமை என்பதை உவமையின் அழகு மறைத்துவிடக்கூடாது.

1892ல் லைப்சிக்கில் ஆல்பர்ட் டோடர்லைன், யோனியில் இயல்பாகவே வாழும் ஒரு பாக்டீரியா அங்கே அமிலத்தை உண்டாக்கி மற்றக் கிருமிகளைத் தடுக்கிறது என்று காட்டினார். கசிவெல்லாம் அழுக்கு, கழுவித் தள்ளவேண்டும் என்ற எண்ணம் அன்றே போயிருக்கவேண்டும். போகவில்லை. வாசனைத் திரவம் விற்கும் கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன.

இப்போது ஒரு வித்தியாசமான தம்பதி. ஜார்ஜ் பாப்பனிக்கோலோ 1913ல் கிரீஸிலிருந்து நியூயார்க் வந்து இறங்கியபோது ஆங்கிலம் தெரியாது. அவர் கம்பளம் விற்றார், மனைவி ஆண்ட்ரோமகே ஒரு கடையில் பட்டன் தைத்தார். அடுத்த வருஷமே கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. 1917ல் சார்ல்ஸ் ஸ்டாக்கார்டோடு சேர்ந்து, கினிப்பன்றியின் யோனித் திரவத்தை நாளுக்கொரு தரம் கண்ணாடியில் தடவிப் பார்த்தால், அதைக் கொல்லாமலே, சினைப்பையில் என்ன நடக்கிறதென்று சொல்லிவிடலாம் என்று நிரூபித்தார். பிறகு மனிதப் பெண். யார்? ஆண்ட்ரோமகேதான். ஒவ்வொரு நாளும், வருஷக்கணக்காக, 20 வருஷத்துக்கு மேல் என்கிறார்கள். 1933ல் மனிதப் பெண்ணின் பாலியல் சுழற்சியை யோனித் தடவல்களின்மூலம் விவரிக்கும் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. இடையே தடவல்களில் புற்றுநோய்ச் செல்கள் தென்பட்டதும், 1928ல் முதலில் அதைச் சொன்னபோது யாரும் சட்டைசெய்யாததும், 1943ல் ஹெர்பர்ட் டிராட்டுடன் எழுதிய நூலுக்குப்பின் உலகம் அதை 'பாப்' சோதனை என்று ஏற்றதும் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதன் வெளிச்சத்தில் மற்றது மங்கிவிட்டது. உலர்ந்த திரவத்தில் பெரணி இலையைப் பார்த்து 1940களின் மத்தியில் எழுதியவரும் அவரே. ஆண்ட்ரோமகே ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலையும் பார்த்தார். தன் உடம்பைப் பற்றி வேறெந்தப் பெண்ணைக் காட்டிலும் அதிகமான தினசரிக் குறிப்புகளுக்குக் காரணமான அவர், அதைப் பற்றித் தன் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை. சோதனைக்குக் கணவர் பெயரில் முதல் மூன்றெழுத்து கிடைத்தது.

இதே காலத்தில் எண்ணுகிறவர்கள் கட்சியும் ஒரு பெரிய வெற்றி பெற்றது. ஜப்பானில் நீகாட்டா நகரத்து டாக்டர் ஓகினோ 1924ல், ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் 1928 வாக்கில், தனித்தனியே, முட்டை வெளிவருவதை முந்திய மாதவிலக்கிலிருந்து எண்ணாமல் அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும் என்று கண்டார்கள்: ஏறக்குறைய 14 நாள் முன்னால். நூறு வருஷத்துப் பிழை ஒழிந்தது. ஆனால் வராத ஒரு தேதியிலிருந்து பின்னோக்கி எப்படி எண்ணுவது? முந்திய மாதங்களின் சராசரியை வைத்துத்தான். நான் வங்கியில் குமாஸ்தா. எனக்கு இது உடனே புரிகிறது. போன வருஷத்து சராசரி இருப்பைப் பார்த்து இன்றைக்கு செக்கைப் பாஸ் பண்ணுவது மாதிரி. பல தடவை சரியாக இருக்கும். திரும்பி வருகிற செக்கு ஒரு குழந்தை.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 1932ல் சிகாகோவில் லியோ லாட்ஸ் எழுதிய 'தி ரிதம்' லட்சக்கணக்கில் விற்றது. 1951 அக்டோபரில் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசும்போது, தக்க காரணமிருந்தால் இந்த முறையைக் கைக்கொள்ளலாம் என்றார். இந்தியாவிலும் இது வேறு வாசல் வழியாக நுழைந்தது. 1935 டிசம்பரில் வார்தாவில் மார்கரெட் சாங்கர் காந்தியுடன் கருத்தடை பற்றி வாதாடினார். காந்தி அசையவில்லை, ஆனால் பாதுகாப்பான நாட்கள் என்ற யோசனை மட்டும் அவருக்கு அவ்வளவாக உறுத்தவில்லை, அதில் கொஞ்சம் அடக்கம் வேண்டியிருக்கிறதல்லவா. அவருடைய சிஷ்யை ராஜகுமாரி அம்ருத் கௌர் சுதந்திர இந்தியாவின் சுகாதார மந்திரியானதும் உலக சுகாதார ஸ்தாபனத்திடம் இந்த முறைக்குத்தான் நிபுணர் கேட்டார். 1951ல் ஆபிரகாம் ஸ்டோன் வந்தார். டெல்லி லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் பரிசோதனை. எழுதப்படிக்கத் தெரியாத பெண்களுக்காக, பத்திரமான நாளுக்கு ஒரு நிறம், ஆபத்தான நாளுக்கு வேறு நிறம் என்று மணிமாலை கோத்துக் கொடுத்தார்கள். தினம் ஒரு மணியைத் தள்ளவேண்டும். திட்டம் தோற்றது. மணியைத் தள்ள மறந்தவர்கள், மாலையே ரட்சை என்று நினைத்தவர்கள், வெளியில் தெரிய மாலை போட வெட்கப்பட்டவர்கள் என்று குற்றமெல்லாம் பெண்கள் தலையில் விழுந்தது. பெண்ணின் உடம்பிலேயே ஒரு மாலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்த நிபுணர்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு எண்ணத் தெரியாது என்று கவலைப்பட்டார்கள். உணரத் தெரியுமா என்று விசாரிக்கவில்லை.

தோன்றிய இடம் மெல்பர்ன். 1953ல் மாரிஸ் கட்டரினிச் என்ற பாதிரியார், கணக்கு பிசகிக் கஷ்டப்படும் தம்பதிகளுக்காக டாக்டர் ஜான் பில்லிங்ஸின் உதவியைக் கேட்டார். பில்லிங்ஸ் மகப்பேறு மருத்துவர்கூட இல்லை, நரம்பியல் நிபுணர். சில மாதத்து வேலை என்று ஒப்புக்கொண்டவர் அந்த வேலையிலேயே கிழவரானார். லைப்ரரியில் தேடியபோது டைலர் ஸ்மித், சிம்ஸ், 1933ல் ஃபிரான்சில் செகுய், விமோ இருவரும் எழுதியது எல்லாம் கிடைத்தது. நூறு வருஷமாக, மலட்டுத்தன்மைக்குச் சிகிச்சை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே வந்திருந்த விஷயம். அதன்பின் பில்லிங்ஸ் செய்ததுதான் இந்தச் சரித்திரத்தில் புதுசு. பெண்களிடமே கேட்டார். இப்படியொன்று உங்களுக்கு உண்டா, எப்படி இருக்கும், எப்போது? அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மைக்ராஸ்கோப் இல்லாமல், கரண்டியை வளைக்காமல், வெளியிலேயே, ஈரமா வறட்சியா வழுக்கலா என்ற உணர்வை வைத்தே சொன்னார்கள். 1964ல் முதல் புத்தகம். அப்புறம் மனைவி ஈவ்லின், குழந்தை மருத்துவர், சேர்ந்துகொண்டார். பெண்களிடம் பெண் பேசியதும் வேலை வேகமெடுத்தது. சிறுநீரில் ஈஸ்ட்ரோஜெனை அளக்கும் முறையைக் கண்டிருந்த ரசாயன அறிஞர் ஜேம்ஸ் பிரவுன் மெல்பர்னிலேயே இருந்தார். பெண் குறித்துவைத்த நாளும் ஹார்மோன் அளவும் ஒத்துப்போவதை அவர்களும் ஹென்றி பர்கரும் சேர்ந்து 1972ல் 'லான்செட்'டில் வெளியிட்டார்கள். ஸ்வீடனின் ஊமியோவில் எரிக் ஓடபிளாட் அணுக்காந்த ஒத்ததிர்வைக் கொண்டு அதே திரவத்தில் பல வகைகள் இருப்பதைப் பிரித்தார். இதெல்லாம் அத்தாட்சி. கண்டுபிடிப்பு முன்னமே, ஒரு பாதிரியார் வீட்டு அறையில், தினம் ஒரு ஸ்டாம்பு ஒட்டிய அட்டையில் நடந்துவிட்டது: ரத்தத்துக்குச் சிவப்பு, வறட்சிக்குப் பச்சை, ஈரத்துக்கு வெள்ளை, அந்த வெள்ளையில் ஒரு குழந்தையின் படம்.

இதில் எனக்கு ருசிக்கிற முரண் ஒன்று. 1968ல் போப் ஆறாம் பவுல் மாத்திரையையும் மற்ற சாதனங்களையும் தடைசெய்தார். உடம்பை எப்போதும் சந்தேகத்தோடு பார்த்துவந்த ஒரு ஸ்தாபனம், தன் பிடிவாதத்தாலேயே, லட்சக்கணக்கான பெண்களைத் தங்கள் உள்ளாடையைப் பார்த்துக் குறிப்பெழுத வைத்தது. அதே சமயம் எதிர்முகாமில், 1971 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெண்கள் புத்தகக்கடைக் கூட்டத்தில், கரோல் டௌனர் ஒரு கண்ணாடியையும் சிம்ஸ் வம்சத்துக் கருவி ஒன்றையும் வைத்துத் தன் கர்ப்பப்பை வாயை மற்றப் பெண்களுக்குக் காட்டினார். அடுத்த வருஷம் லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததாக வழக்கு. ஒரு பூஞ்சைத் தொற்றுக்குத் தயிர் வைத்தது குற்றம். சோதனைக்கு வந்த போலீஸ் ஃபிரிட்ஜிலிருந்த தயிரை எடுத்துப் போகப் பார்த்தது. டௌனர் விடுதலையானார். பாதிரியாரும் டௌனரும் ஒரே அறையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இருவரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று சொன்னால் இருவருக்கும் கோபம் வரும், எனக்குச் சொல்லத்தான் தோன்றுகிறது.

பாதிரியார் பக்கத்தில் மிகைகளும் உண்டு. 1979ல் ஆஸ்லோவில் நோபல் பரிசு வாங்கியபோது அன்னை தெரசா, தாங்கள் இயற்கை முறையைக் கற்றுக்கொடுத்ததால் கல்கத்தாவில் 6 வருஷத்தில் 61,273 குழந்தைகள் குறைவாகப் பிறந்ததாகச் சொன்னார். பிறக்காதவர்களை ஒற்றை இலக்கம்வரை எண்ணிவிட்ட அந்தத் துல்லியத்தை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார். உண்மையான கணக்கு உலக சுகாதார ஸ்தாபனத்திடம் இருக்கிறது. 1970களின் பிற்பாதியில் ஆக்லாண்டு, பெங்களூர், டப்ளின், மணிலா, எல் சால்வடாரின் சான் மிகேல் என்று ஐந்து ஊர்களில் 869 பெண்களை வைத்துப் பரிசோதனை. முடிவுகள் 1981ல் வந்தன. அதில் இரண்டு செய்தி. ஒன்று: கற்றுக்கொடுத்த முதல் மாதத்திலேயே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பெண்கள் தங்கள் திரவத்தின் மாற்றத்தைச் சரியாகக் குறித்தார்கள், பள்ளிக்கூடம் போகாதவர்களும் உட்பட. இரண்டு: கருத்தடை முறையாக வைத்துப் பார்த்தால் 13 சுழற்சிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தி கர்ப்பமானாள். பெரும்பாலும் காரணம், ஆபத்தான நாள் என்று தெரிந்தும் விலகியிருக்காதது. அறிவு தோற்கவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று மனைவி சொன்னால் கணவன் கேட்கிற வீடு எத்தனை என்பது எந்தத் திரவத்திலும் எழுதியிருக்கவில்லை. இந்த முறையை ஒரு முழுமையான கருத்தடையாகச் சிபாரிசு செய்கிறவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. அவர்கள்மேல் எனக்குள்ள குறை அதுதான்.

பெங்களூரில் சில பெண்கள் அட்டையில் குறித்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில்தான் நெருக்கடிநிலை. 1976-77 ஒரே வருஷத்தில் நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை நடந்தது. அப்போது பெரும்பாலும் ஆண்கள். ஆட்சி மாறியதும் அந்தச் சுமை பெண்கள் பக்கம் சரிந்தது, இன்றுவரை அங்கேயே கிடக்கிறது. ஒரு பெண்ணிடம் உன் உடம்பைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்கும் பழக்கம் நம் இலாகாக்களுக்கு வரவேயில்லை. மாத்திரைக் கம்பெனிகள் விஷயத்தைப் புரிந்துகொண்டு வேறு வழியில் பயன்படுத்தின: புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள மாத்திரைகள், ஹார்மோன் பொதிந்த கர்ப்பப்பை வளையங்கள் எல்லாம் முக்கியமாக அந்தத் திரவத்தை மாதம் முழுக்கக் கெட்டியாக வைத்துத்தான் வேலை செய்கின்றன. சாப்பிடுகிறவளுக்கு அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மறுபடி அந்த ஒற்றைச் சொல்லுக்கு வருகிறேன். ஆண்களுக்கு இந்த நாட்டில் தாது போகிறது என்ற பயம் உண்டு. 1960ல் மனநல மருத்துவர் என்.என். விக் அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்து ஒரு மனக்கஷ்டமாக அடையாளம் காட்டினார். பெண்களின் வெள்ளைக்கு அந்த மரியாதை கிடைக்க இன்னும் 40 வருஷம் ஆயிற்று. 'உடம்பு உருகிப்போகிறது, எலும்பு கரைந்து வருகிறது, இடுப்பு கழன்றுவிட்டது' என்று அவர்கள் சொல்வதை நம் வீடுகளில் கேட்டிருக்கிறோம். கோவாவில் விக்ரம் படேலும் அவர் குழுவும் ஆயிரக்கணக்கான பெண்களிடம் விசாரித்து 2005ல் வெளியிட்டார்கள். வெள்ளைப்படுகிறது என்று முறையிட்ட பெண்களிடம் கிருமித் தொற்றோடு இருந்த தொடர்பைவிட, மனச்சோர்வோடும் வாழ்க்கையின் அலுப்போடும் இருந்த தொடர்பு பலமானது. மாதத்தின் நடுவில் இயல்பாக வந்துபோகிற ஒன்றைத் தன் அழிவின் அடையாளமாக ஒருத்தி படித்துக்கொள்கிறாள். ஏனென்றால் படிக்க அவளுக்குக் கிடைத்த எழுத்து நோட்டீஸ் எழுத்து. வேறு எதையும் சொல்ல முடியாத வீட்டில் அந்த ஒரு சொல்லைத்தான் டாக்டரிடம் கொண்டுபோக முடிகிறது. பசை, பாலேடு, நூல், வழுவழுப்பு, வறட்சி என்று நம்மிடம் சொற்கள் இல்லாமலில்லை. எல்லாம் சமையலறையிலும் தறியிலும் வயலிலும் கிடக்கின்றன. இந்த இடத்துக்கு யாரும் எடுத்துவரவில்லை. கவிஞர்கள் செய்யவேண்டிய வேலையை ஒரு பாதிரியாரும் நரம்பு டாக்டரும் ஸ்டாம்பு ஒட்டிச் செய்தார்கள் என்பதில் நமக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தால் தப்பில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்படி முறையிடுகிறவளுக்குச் சோதனை எதுவும் செய்யாமல், அறிகுறியை மட்டும் வைத்து, ஒரு பொட்டலம் ஆன்டிபயாடிக் கொடுத்தனுப்பலாம் என்று வழிமுறை இருக்கிறது. தொற்று உள்ளவளுக்கு அது உதவும். மற்றவள் அதை முடித்துவிட்டு அடுத்த மாதம் நடுவில் மறுபடி வருகிறாள். அவள் சீட்டில் நோயின் பெயர் எழுதும் இடத்தில் நம் டாக்டர்கள் எழுதுவது, 1855ல் டைலர் ஸ்மித்தின் புத்தக அட்டையில் இருந்த அதே கிரேக்கச் சொல்.